கேமராவுக்குத் தோள் பை வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் எந்த பாடி, எந்த லென்ஸ் என்று நிறைய விசாரித்துவிட்டு, கடைசியில் பைக்கு வரும்போது கையில் இருக்கிற மிச்சக் காசுக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஆறு மாதத்தில் தோள் வலி, ஜிப் போச்சு, லென்ஸ் விளிம்பு நசுங்கிவிட்டது என்று வந்து நிற்பார்கள். கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், பேடிங் (அடிபடாமல் தாங்குகிற மெத்தை அடுக்கு) வைத்த தோள் பையைப் பற்றி மட்டும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அண்ணே, காலேஜ் பையில துண்டைச் சுத்தி வச்சா போதாதா? எதுக்குத் தனியா ஒரு பை?

ஒரு பாடி, அதோடு வந்த கிட் லென்ஸ், வாரத்துக்கு ஒருநாள் வெளியே எடுப்பது என்றால் துண்டு போதும், காசைச் செலவழிக்க வேண்டாம். இரண்டாவது லென்ஸ் வந்த பிறகுதான் சிக்கல். கேமரா சாமான் அடிபடுவது கீழே விழுந்து மட்டும் அல்ல, பைக்குள்ளேயே ஒன்றோடு ஒன்று மோதி அடிபடுவதுதான் அதிகம். லென்ஸின் முன்னால் ஃபில்டர் மாட்டுகிற மரை நசுங்குவது, பின்னால் இருக்கிற திரையில் கோடு விழுவது, ஃபிளாஷின் கழுத்து உடைவது எல்லாம் அப்படி வருவதுதான். துண்டு நடக்க நடக்க நகர்ந்துவிடும்.

கேமரா பை செய்கிற முதல் வேலை ஒவ்வொரு சாமானையும் அதனதன் இடத்தில் அசையாமல் பிடித்து வைப்பது. இரண்டாவது வேலை, கீழே வைக்காமல் நின்றபடியே எடுக்க விடுவது. இந்த இரண்டும் சரியாக இருக்கிற பை எந்த விலையில் இருந்தாலும் நல்ல பைதான், கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும்.

தோள் பையா, முதுகுப் பையா? எல்லாரும் முதுகுல மாட்டுறதுதான் நல்லதுன்னு சொல்றாங்க.

அழகர்மலை ஏறப் போகிறீர்கள், சதுரகிரி போகிறீர்கள், நாள் முழுக்க நடை என்றால் முதுகுப் பைதான், அதில் மறுபேச்சே இல்லை. பாரம் இரண்டு தோளிலும் சமமாக இறங்கும். ஆனால் மண்டபத்தில் மாங்கல்யம் கட்டுகிற நேரத்தில் லென்ஸ் மாற்றுவதற்காகப் பையைக் கழற்றி, தரையில் வைத்து, குனிந்து ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தால் அந்த நிமிஷம் போய்விடும். தோள் பையை இடுப்போரம் இழுத்து, மூடியைத் தூக்கி, மேடையைப் பார்த்தபடியே மாற்றிக்கொள்ளலாம். கூட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: முதுகில் இருக்கிற பையை நாம் பார்க்க முடியாது, யார் ஜிப்பில் கை வைத்தாலும் தெரியாது, திரும்பும்போது பின்னால் நிற்கிற குழந்தை மேல் மோதும்.

தோள் பைக்கு நான் வைத்திருக்கிற எல்லை, பையையும் சேர்த்து 5 கிலோ. அதைத் தாண்டினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்ட்ராப்பாக இருந்தாலும் சாயங்காலத்துக்குள் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும்.

சரி, என்ன சைஸ் வாங்குறது? கடையில S, M, L-னு எதுவுமே புரியல.

பெட்டியில் ஒட்டியிருக்கிற சைஸைப் பார்க்காதீர்கள். ஒரு நிகழ்ச்சிக்கு உண்மையிலேயே எடுத்துப் போகிற சாமானை மட்டும் கட்டிலில் பரப்பி, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வெளி அளவு வேண்டாம், உள் அளவைத்தான் கேட்க வேண்டும். சுவர், பாக்கெட், மூடி எல்லாம் போக உள்ளே இடம் கணிசமாகக் குறைந்துவிடும்.

பலர் பையின் நீளத்தையே பார்க்கிறார்கள், மாட்டிக்கொள்வது அகலத்தில். லென்ஸ் கீழே பார்க்கிற மாதிரி பாடியை உள்ளே இறக்கும்போது பாடியின் உயரம்தான் பையின் முன்பின் அகலத்தை முடிவு செய்யும். கேனான் 5டி மார்க் 4 பாடி கிட்டத்தட்ட 11.6 செ.மீ. உயரம், சோனி ஏ7 4 சுமார் 9.6 செ.மீ. உள்ளே 10 செ.மீ. அகலம் இருக்கிற பையில் சோனி சுகமாக உட்காரும், 5டி நுழையவே நுழையாது. சோனி மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்காகச் செய்த பையில், 5டி மாதிரி கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆரைத் திணித்து ஜிப் பிய்ந்து போவது இப்படித்தான். ஆழத்துக்கு, பாடியின் தடிமனோடு லென்ஸின் நீளத்தைக் கூட்டுங்கள். அதே 5டியில் 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தால் 19 செ.மீ. வரும், மூடியும் சேர்த்து 20 செ.மீ. வேண்டும். லென்ஸ் முனையில் வெளிச்சம் மறைக்க மாட்டுகிற ஹூடைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி வையுங்கள்.

பின்னாடி 70-200 ஜூம் லென்ஸ் வாங்குவேன். இப்பவே பெரிய பையா வாங்கிட்டா செலவு மிச்சம்தானே?

மிச்சம் இல்லை. பெரிய பையில் காலி இடம் இருந்தால் சாமான் ஆடும், அதனால் முதல் பதிலில் சொன்ன மோதல் மறுபடி வரும். அதைவிடப் பெரிய தொல்லை, இடம் இருந்தால் கை சும்மா இருக்காது. சார்ஜர், தண்ணீர் பாட்டில், வேண்டாத ஒரு லென்ஸ், பவர் பேங்க் என்று ஏறிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேனான் 1500டி பாடி 475 கிராம், 18-55 கிட் லென்ஸ் 200 கிராம், 55-250 எஸ்டிஎம் 375 கிராம், 50 எம்எம் 1.8 எஸ்டிஎம் 160 கிராம். எல்லாம் சேர்த்து 1,210 கிராம்தான், ஒரு சின்னப் பை போதும். இன்னொரு பக்கம், சோனி ஏ7 4 பாடி 658 கிராம், 24-70 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 695 கிராம், 85 எம்எம் 1.8 லென்ஸ் 371 கிராம், அரைக் கிலோவை ஒட்டிய ஒரு ஃபிளாஷ், இரண்டு உபரி பேட்டரி என்று வைத்தால் ஏறக்குறைய 2.4 கிலோ. அதில் 70-200 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 1,045 கிராம் ஏறினால் மூன்றரை. பையே ஒன்றரைக் கிலோ என்றால் அதோடு 5 கிலோவைத் தொட்டாயிற்று. இப்போது இருக்கிற சாமானுக்கு ஒரு அறை மட்டும் அதிகமாக இருக்கிற பை வாங்குங்கள், அது போதும். 70-200 வருகிற அன்றைக்குப் பையைப் பற்றி யோசிக்கலாம்.

பேடிங் எவ்வளவு தடிமனா இருக்கணும்? தடிமனா இருந்தா நல்லதுதானே?

தடிமனைவிட ஃபோம் எந்த வகை என்பது முக்கியம். குளிக்கிற ஸ்பாஞ்ச் மாதிரி உள்ளே திறந்த துளைகள் உள்ள ஃபோம் தண்ணீரைக் குடிக்கும், சில மாதத்தில் அமுங்கிப் படுத்துவிடும். மூடிய துளைகள் உள்ள ஈவிஏ வகை ஃபோம் தண்ணீர் குடிக்காது, அழுத்தினால் மெல்ல எழும்பும். கடையில் நிற்கும்போதே கட்டை விரலால் அடிப்பாகத்தை அழுத்துங்கள். விரல் உடனே மறுபக்கத்தைத் தொட்டால் அந்தப் பை வேண்டாம். அடிப்பாகத்துக்குத்தான் அதிக பேடிங் வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் பையைத் 'தொப்'பென்று தரையில் வைப்போம். பக்கச் சுவர் ஒரு செ.மீ. இருந்தாலே தாராளம்.

பேடிங் அதிகமானால் பை பெட்டிபோல விறைத்துக்கொண்டு இடுப்பில் ஒட்டாமல் தள்ளி நிற்கும். அமெரிக்காவில் பிலடெல்பியா இன்குவைரர் பத்திரிகையில் போட்டோகிராஃபராக இருந்த ஜிம் டோம்கி 1970-களின் நடுவில் தனக்காக வடிவமைத்த கான்வாஸ் பையில் பக்கங்களுக்குக் கனமான பேடிங்கே வைக்கவில்லை. உடம்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும், கை உள்ளே வேகமாகப் போய்வர வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. அந்தப் பையைப் பத்திரிகைக்காரர்கள் உலகம் முழுக்கத் தோளில் போட்டுத் திரிந்தார்கள். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் இடிபட்டுப் போகிற நமக்கு அவ்வளவு மெல்லியது சரிப்படாது என்பது என் எண்ணம், ஆனால் அவர் சொல்ல வந்தது நியாயம்.

பெரிய லென்ஸை பாடியோட மாட்டி வைக்கலாமா, கழட்டித்தான் வைக்கணுமா?

24-70 அளவு வரை மாட்டியபடியே, லென்ஸ் கீழே பார்க்க வையுங்கள். ஒரே நிபந்தனை: பாரம் முழுக்க லென்ஸின் முன்விளிம்பில் நிற்கக் கூடாது. இரண்டு பக்க டிவைடரையும் (உள்ளே அறை பிரிக்கிற தடுப்பு) நெருக்கி ஒட்டி, பாடியின் தோள்கள் அவற்றின் மேல் உட்காரும்படி செய்யுங்கள். அப்போது லென்ஸ் நடுவில் தொங்கும், முனை தரையைத் தொடாது.

70-200 போன்ற ஒரு கிலோ லென்ஸை மாட்டியபடி தோள் பையில் படுக்கவைத்தால் ஒவ்வொரு குலுக்கலும் லென்ஸ் பாடியோடு சேருகிற மவுன்ட்டில் இறங்கும். கழற்றித் தனி அறையில் செங்குத்தாக நிறுத்துங்கள். பின்மூடி போடாமல் எந்த லென்ஸையும் பைக்குள் விடாதீர்கள், பையில் இருக்கிற நூல் தூசி நேராகப் படம் பதிகிற சென்சருக்குப் போகும்.

பைத் துணிக்கு 600டி, 1680டி-ன்னு போட்டிருக்காங்களே, அது என்ன?

அது டெனியர், நூலின் கனம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர் எண். எண் கூடக் கூட நூல் தடிமன், அவ்வளவுதான். 600 டெனியர் பாலியெஸ்டர் சாதாரண உபயோகத்துக்குத் தாங்கும், 1000 டெனியர் நைலான் பல வருடம் உழைக்கும். எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், துணி கிழிந்து செத்த பையை நான் பார்த்ததே அரிது. பை போவது ஜிப்பிலும், ஸ்ட்ராப் பையோடு சேருகிற தையலிலும்தான். அந்த இடத்தில் கட்டமும் குறுக்குக் கோடுமாகப் பல வரிசை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வரித் தையல் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஜிப்பை மூலையில் வளைகிற இடத்தில் நாலைந்து தடவை ஒரே கையால் இழுத்துப் பாருங்கள், அங்கே சிக்கினால் மண்டபத்திலும் சிக்கும்.

வாட்டர்ப்ரூஃப்னு எழுதியிருக்கு. அழகர் ஆத்துல இறங்குறப்ப எடுத்துட்டுப் போகலாமா?

எடுத்துப் போகலாம், ஆனால் அந்த எழுத்தை நம்பி அல்ல. கேமரா தோள் பைகளில் பெரும்பாலானவை தூறலைத் தடுக்கும், அவ்வளவே. துணி தாங்கினாலும் தையல் ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் பைகளில் இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே ப்யூட்டைல் ரப்பர் வைத்து ஒட்டுகிறார்கள், துணி வழியாகத் தண்ணீர் இறங்காது. 1973-இல் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் மீன்பிடிப்பவர்களுக்குப் பை செய்தது, படம் எடுப்பவர்கள் வாங்க ஆரம்பித்த பிறகுதான் கேமரா பக்கம் வந்தது. அந்தப் பையிலும் மூடியைத் திறந்து வைத்தால் மழை உள்ளேதான் போகும்.

சித்திரைத் திருவிழாவில் தண்ணீர் மேலிருந்து மட்டும் வராது, பீய்ச்சுகிறவர்கள் நாலா பக்கமும் நிற்பார்கள். பையோடு வருகிற ரெயின் கவரும் வேண்டும், பாடிக்கும் லென்ஸுக்கும் தடிமனான பிளாஸ்டிக் கவர் ஒன்றும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இதே ஏற்பாடுதான். நனைந்த ரெயின் கவரைச் சுருட்டிப் பைக்குள்ளேயே திணிக்கக் கூடாது, வெளிப் பாக்கெட்டில் வைத்து வீட்டுக்கு வந்ததும் காயப்போடுங்கள்.

எடை கம்மியாத்தான் வச்சிருக்கேன், ஆனாலும் தோள் வலிக்குதே?

ஸ்ட்ராப்பைப் பாருங்கள். 5 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், தோளில் படுகிற இடத்தில் வழுக்காத பேடிங் வேண்டும். வழுக்குகிற ஸ்ட்ராப்பைப் பிடித்து நிறுத்துவதற்காக நமக்கே தெரியாமல் தோளைத் தூக்கியபடியே நடப்போம், வலி அங்கிருந்து வருகிறது. அப்புறம் நீளம். பை தொடையில் வந்து இடிக்கக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால் பாதி பாரத்தை இடுப்பு வாங்கிக்கொள்ளும். குறுக்காகப் போடுங்கள், ஒரு நிகழ்ச்சிக்கு வலது தோள் என்றால் அடுத்ததற்கு இடது.

உயரம் குறைவான தங்கைகள் பலரும் சொல்வது, ஸ்ட்ராப்பை எவ்வளவு சுருக்கினாலும் பை கீழேயே தொங்குகிறது என்று. பல பைகளை உயரமான ஆண்களை மனதில் வைத்தே தைக்கிறார்கள். அதனால் அதிகபட்ச நீளத்தைப் பார்க்காமல் குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்று கடையில் மாட்டிப் பாருங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் வண்டி சீட் கவர் தைக்கிறவரிடம் கொடுங்கள். தடி நூல் வைத்துக் குறைத்துத் தைத்துத் தருவார், பத்து நிமிஷ வேலை.

வெல்க்ரோ சத்தத்துல ஐயரே திரும்பிப் பாக்குறாரு. என்ன பண்ண?

மூடியில் வெல்க்ரோவும் பக்கிளும் இரண்டும் இருக்கிற பையாக வாங்கினால் நிகழ்ச்சியின்போது வெல்க்ரோவை ஒட்டாமல் விடலாம். திங்க் டாங்க் நிறுவனத்தின் ரெட்ரோஸ்பெக்டிவ் பைகளில் வெல்க்ரோவை மூடி அமுக்கி வைக்க ஒரு மடிப்பே கொடுத்திருக்கிறார்கள். நம் பையில் இல்லை என்றால் வெல்க்ரோவின் மென்மையான பக்கத்துப் பட்டை மீட்டர் கணக்கில் தையல் சாமான் கடையில் கிடைக்கும், ஒரு துண்டு வெட்டி முள் பக்கத்தின் மேல் ஒட்டிவிடுங்கள்.

சத்தத்தைவிட எனக்குக் கவலை அந்த முள் பக்கம்தான். பெண் வீட்டார் பட்டுச் சேலையோடு நெருக்கி நிற்கிற இடத்தில் திறந்து கிடக்கிற முள் உரசினால் நூல் இழுத்துவிடும். இன்னொருவர் கல்யாணப் பட்டு அது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற எந்த வெல்க்ரோவையும் மூடி வையுங்கள், கூர்மையான உலோகக் கொக்கியும் வேண்டாம்.

பைக்ல போறப்ப டேங்க் மேல வைக்கலாமா? ஸ்கூட்டர் கொக்கியில மாட்டலாமா?

இரண்டும் வேண்டாம். எஞ்சின் அதிர்வு நேராக லென்ஸுக்கு ஏறும். 2021-இல் ஆப்பிள் நிறுவனமே, பெரிய எஞ்சின் பைக்குகளின் கைப்பிடியில் ஐபோனை மாட்டினால் அதன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பு கெடக்கூடும் என்று எச்சரித்தது. நம் லென்ஸிலும் பாடியிலும் அதே வேலையைச் செய்கிற பாகங்கள் இருக்கின்றன. சில பாடிகளில் ஆஃப் செய்திருக்கும்போது உள்ளே சென்சர் லேசாக ஆடும் சத்தம் கேட்கும், அது பழுதல்ல, ஆனால் தினமும் வண்டி அதிர்வில் ஆடவிடத் தேவையில்லை.

பையைக் குறுக்காக மாட்டி, ஸ்ட்ராப்பை இறுக்கி, முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு ஓட்டுங்கள். உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். பின்னால் ஆள் இருந்தால் அவர் மடியில்.

ராத்திரி லேட்டா வரோம், பையிலேயே விட்டுட்டுத் தூங்கிரலாமா? உள்ள சிலிக்கா ஜெல் போட்டிருக்கேன்.

ஒரு ராத்திரி பரவாயில்லை. வாரக்கணக்கில் விடாதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பை என்பது கொண்டுபோவதற்கு, சேமித்து வைப்பதற்கு அல்ல. பேடிங்கும் துணியும் வியர்வை, மழை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், உள்ளே இருட்டு, காற்று கிடையாது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் இருந்தால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். அது சிலந்தி வலைபோலப் படர்ந்து கோட்டிங்கையே அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஜிப் வைத்த துணிப் பை காற்றுப் புகாத டப்பா அல்ல, அதனால் ஈரம் உறிஞ்சுகிற அந்தச் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் சீக்கிரமே ஈரம் ஏறிச் செத்துவிடும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சாமானை வைத்து, அதில் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால், ஆரஞ்சு மணி பச்சையானால் மாற்ற வேண்டும். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, சமையல் சட்டியில் போட்டு வறுக்காதீர்கள். வசதி இருந்தால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிற டிரை கேபினெட் அலமாரி வாங்கி ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வையுங்கள். பையின் வாயைத் திறந்து ஃபேன் காற்றில் விடுங்கள்.

என் பழைய பைக்குள்ள பிசுபிசுன்னு ஒட்டுது, கறுப்பா உதிருது. துடைச்சு வச்சுக்கலாமா?

துணியின் உட்புறம் பூசியிருக்கிற பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில் மெல்லச் சிதைகிறது, நம் ஊர் வெக்கையில் இது வேகமாக நடக்கும். சும்மா அலமாரியில் கிடந்த பையிலும் வரும். ஒருதரம் ஆரம்பித்தால் நிற்காது, அந்தத் தூள் சென்சரிலும் லென்ஸ் வளையத்திலும் போய் உட்காரும். டிவைடர்கள் நன்றாக இருந்தால் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு பையைக் கழித்துவிடுங்கள். இரண்டாம் கை பை வாங்குகிறவர்கள் மூடியின் உட்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஃப்ளைட்ல தோள் பையைக் கையில கொண்டு போக விடுவாங்களா?

விடுவார்கள். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ எல்லை, மேலே போட்ட எடைக் கணக்குப்படி தோள் பை அதற்குள் அடங்கும். உபரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, கையோடுதான் கொண்டு போக வேண்டும். முனைகள் உலோகத்தில் படாமல் மூடி போட்டு வையுங்கள். பேட்டரி பிடித்து வைக்கிற மின்சாரத்தின் அளவு 100 வாட்-ஹவருக்குக் கீழே இருந்தால் தனி அனுமதி வேண்டாம், சோனியின் எஃப்இசட்100 பேட்டரியே 16.4 வாட்-ஹவர்தான்.

எனக்கு ரெண்டு பாடி, நாலு லென்ஸ், ரெண்டு ஃபிளாஷ். எல்லாம் அடங்குற தோள் பை ஒண்ணு சொல்லுங்க.

அடங்குகிற பை கடையில் இருக்கிறது, நான் சொல்ல மாட்டேன். ஐந்து கிலோவைப் பற்றி இரண்டாவது பதிலில் சொன்னது இங்கேதான் பொருந்தும். மொத்தச் சாமானையும் சக்கரம் வைத்த பெட்டியிலோ முதுகுப் பையிலோ மண்டபம் வரை கொண்டு வந்து, பூட்டி, நம்பிக்கையான ஆள் இருக்கிற அறையில் வையுங்கள். ஒரு பாடி கையில் இருக்கும். தோள் பையில் அந்தச் சடங்குக்கு வேண்டிய ஒரு லென்ஸ், ஒரு ஃபிளாஷ், பேட்டரி, கார்டு மட்டும். அதனால் பையும் சின்னதாக இருந்தால் போதும்.

இதற்குப் புதுப் பை கூட வாங்க வேண்டாம். பேடிங் வைத்த உட்பை தனியாக விற்கிறார்கள், வீட்டில் இருக்கிற உறுதியான கான்வாஸ் பைக்குள் அதை இறக்கிவிடலாம். உட்பை உள்ளே ஆடாத அளவுக்கு வெளிப் பை நெருக்கமாக இருக்க வேண்டும், ஸ்ட்ராப் தையலை மேலே சொன்னபடி சோதித்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர் பெரிதாக எழுதாத பழைய துணிப் பைக்குள் கேமரா இருப்பது ரயிலில் பக்கத்து சீட்காரருக்குத் தெரியாது, தூங்கும்போது ஸ்ட்ராப்பைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.